சின்சில்லாவுக்குப் பல்லி சாத்திரம் பார்க்க முடியாது

போன ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். முத்தையன்கட்டில் மழைக்கு முந்திய புழுக்கம். மாட்டுக் கொட்டிலுக்குக் கிடுகு மாற்றிக்கொண்டு நின்றபோது அக்காவின் மகள் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். அவள் இருப்பது ரொறன்ரோவில். அங்கே அப்போது பின்னிரவு மூன்று மணி. "மாமா, இதைக் கேளுங்கோ. இது ஏன் இப்பிடிக் கத்துது? நித்திரையும் இல்லை, பயமாயும் கிடக்கு."

பன்னிரண்டு செக்கன் பதிவு. கெக்... கெக்... கெக்கெக்கெக் என்று இழுத்து இழுத்து ஒரு சத்தம். நாய்க்குட்டியின் தொண்டைக்குள் வாத்தின் குரலை வைத்தமாதிரி. படலையடியில் கிடந்த எங்கள் நாய் எழும்பி நாலு பக்கமும் பார்த்தது. சேவல் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றது. கத்தியது அவள் வளர்க்கும் சின்சில்லா.

நான் சின்சில்லாவை நேரில் கண்டதில்லை. ஆடு மாடு பார்க்கிற உத்தியோகத்தில் முப்பது வருடம் ஓடியவன் என்பதால் மாமாவுக்கு எல்லாப் பிராணியின் பாஷையும் தெரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததையும், இந்தக் காணிக்குள் கேட்டு வளர்ந்த சத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் இணையத்தில் தேடிக் களைத்த பிறகுதான் என்னிடம் வந்திருந்தாள். அங்கே கிடைத்தவை எல்லாம் ஒரே அச்சு. இந்தச் சத்தம் போட்டால் கோபம், அந்தச் சத்தம் போட்டால் பாசம், மற்றது போட்டால் நோய். எனக்கு அம்மம்மாவின் பஞ்சாங்கம் ஞாபகம் வந்தது. பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று அதில் ஒரு அட்டவணை இருக்கும். வீட்டில் ஏதாவது கதை நடக்கும்போது பல்லி சொல்லிவிட்டால் அம்மம்மா விரலால் நிலத்தில் மூன்று தரம் தட்டுவா. கதைத்த விஷயம் உறுதியாகிவிட்டது என்று அர்த்தம். வீட்டுப் பல்லியின் அந்த 'சக் சக் சக்' பெரும்பாலும் ஆண் பல்லி இன்னொரு ஆணுக்கு, இந்தச் சுவர் என்னுடையது என்று சொல்லுவது. நாங்கள் கலியாணப் பேச்சு பேசுகிறோமா, வழக்குப் பேசுகிறோமா என்பது அதற்குத் தேவையில்லாத சங்கதி. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று எங்கள் ஆட்களே கேலியும் செய்திருக்கிறார்கள்.

சின்சில்லா பற்றிய அட்டவணைகளும் இந்தச் சாதிதான். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் சத்தத்தை மட்டும் தனியே உரித்தெடுத்து, அதைப் போட்ட உடம்பையும் நேரத்தையும் இடத்தையும் விட்டுவிட்டு அர்த்தம் சொல்லுகின்றன. ஆட்காட்டிக் குருவியின் சத்தத்தைக் கேட்டு இவ்வளவு காலம் வன்னியில் சீவித்தவர்களுக்கு இதில் உள்ள பிழை சட்டென்று விளங்கும். ஆட்காட்டி கத்தினால் வயலில் ஏதோ நடமாடுகிறது என்பது வரைக்கும்தான் தெரியும். மனிதனா, மாடா, நரியா என்று அது சொல்லாது. எந்தப் பக்கத்தால் வருகிறது, குருவி எழும்பிச் சுற்றுகிறதா, முட்டை இட்ட இடத்துக்குக் கிட்டவா என்று பார்த்துத்தான் மிச்சத்தை ஊகிக்க வேண்டும். இரவில் வெளி கடந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, சின்சில்லா என்பது என்ன?

பார்வைக்குப் பெரிய காது வைத்த அணில் மாதிரி இருக்கும். உறவு அணிலோடு இல்லை. கொறிக்கும் பிராணிகளுக்குள் அது கினிப் பன்றியின் பக்கம். எங்கள் காட்டில் அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று யாரையாவது காட்டச் சொன்னால் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகும் முள்ளம்பன்றியைத்தான் காட்டவேண்டும். இரண்டுமே கொறிணிகளின் ஒரே பெருங்கிளையில் வருகின்றன. முள்ளம்பன்றி வாலில் உள்ள பொள்ளல் முட்களைக் கிலுக்கி, காலால் நிலத்தை அடித்து எச்சரிக்கும். சின்சில்லாவுக்கு முள்ளில்லை. அரைக் கிலோ அளவுதான் உடம்பு. பிடிபட்டால் தப்ப அதற்கிருக்கும் வழி, பிடித்தவனின் கையில் ஒரு கொத்து மயிரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடுவது. ஒரே மயிர்க்காலில் ஐம்பது அறுபது மயிர் முளைக்கும் உடம்பு என்பதால் அது தாங்கும்.

அந்த மயிர்தான் அதற்கு எமனாகவும் வந்தது. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைப் பக்கத்துப் பிராணி. தோலுக்காக வேட்டையாடி வேட்டையாடி அழியும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, 1910இல் சிலி, ஆர்ஜென்ரீனா, பொலிவியா, பெரு ஆகிய நாடுகள் சேர்ந்து வேட்டையைத் தடைசெய்ய ஒப்பந்தம் போட்டன. 1923இல் மத்தியாஸ் சப்மன் என்ற சுரங்கப் பொறியியலாளர் பத்துப் பன்னிரண்டு சின்சில்லாக்களை உயிரோடு பிடித்துக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். செல்லப்பிராணி வளர்க்க இல்லை, தோல் பண்ணை போட. இன்று வட அமெரிக்க வீடுகளில் கூட்டுக்குள் துள்ளுகிறவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வம்சம். காட்டில் மிச்சமிருப்பவற்றுக்காக சிலி நாடு 1983இல் ஒரு சரணாலயமே அமைத்தது. சின்சில்லாவில் இருப்பது இரண்டு இனம், இன்றைக்கும் இரண்டுமே அழியும் ஆபத்துள்ளவைதான்.

இங்கே ஒரு சொல் குறுக்கே. கிளிநொச்சியில் யாராவது வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு இதை வளர்க்க ஆசைப்பட்டால், வேண்டாம். அந்தப் பஞ்சு உடம்புக்கு வியர்க்காது. இருபது பாகைக்கு அங்கால் இங்கால் இருப்பதுதான் அதற்குச் சுகம். இருபத்தைந்தைத் தாண்டினாலே வெக்கையில் விழுந்துவிடக் கூடியது. எங்கள் சித்திரை முப்பத்துமூன்று, முப்பத்துநாலு என்று போகும். மின்சாரம் ஒரு மத்தியானம் நின்றால் கதை முடிந்தது. மருமகள்கூட ரொறன்ரோ வெயில் காலத்தில் தனக்காக இல்லாமல் அதுக்காக ஏசி போடுகிறாள்.

சத்தத்துக்கு வருவோம். அது கற்பாறை இடுக்குகளில் கூட்டமாய்ச் சீவிக்கும் பிராணி. வெளிக்கிடுவது பொழுதுபட்ட பிறகு. மேலே ஆந்தை, கீழே நரி. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் அதன் குரலில் பாதி விளங்கிவிடும். இருட்டில் ஒன்றையொன்று காண முடியாததால், நான் இங்கே நிற்கிறேன் என்று சொல்லிக்கொள்ள மெல்லிய சத்தம் தேவை. ஆபத்து வந்தால் முழுக் கூட்டத்துக்கும் கேட்க உரத்த சத்தம் தேவை. இடுக்குக்குள் நெருக்கியடித்து இருப்பதால், தள்ளி நில் என்று சொல்லவும் ஒன்று தேவை.

காது அதற்கேற்ற காது. உள்ளே நடுக்காதைச் சூழ்ந்த எலும்புக் கூடு ஊதிப்பெருத்துக் கிடக்கும். கேட்கும் எல்லை ஏறக்குறைய மனிதருடையது போலவே. எங்களுக்குக் கேட்காத உச்சத் தொனியிலும் கொஞ்சத் தூரம் போகும், அவ்வளவுதான். அதனாலேயே செவிப்புலன் ஆய்வு செய்யும் கூடங்களில் சின்சில்லா நெடுங்காலமாய் மாட்டுப்பட்டுக் கிடக்கிறது.

அந்த ஆய்வுகளில் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1975இல் பற்றீசியா கூல், ஜேம்ஸ் மில்லர் என்ற இருவர் சின்சில்லாக்களுக்கு இரண்டு சத்தங்களைப் பிரித்தறியப் பழக்கினார்கள். 'ரொறன்ரோ' என்பதன் முதல் சத்தம் ஒன்று, 'டொக்டர்' என்பதன் முதல் சத்தம் மற்றது. பழக்கியபின், ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாய் மாறும் இடைச் சத்தங்களைப் போட்டுக் காட்டினார்கள். ஆங்கிலம் பேசும் மனிதர் எந்த இடத்தில் கோடு போட்டு, இதுவரை அது, இதற்குமேல் இது என்று பிரிக்கிறார்களோ, ஏறக்குறைய அதே இடத்தில் சின்சில்லாவும் பிரித்தது. பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறமை மனிதருக்கு மட்டும் உரியது என்று அதுவரை நினைத்தவர்களுக்கு இது நல்ல அடி. நாங்களோ இந்த இரண்டு சத்தத்தையும் தமிழில் எப்படி எழுதுவது என்று இன்னும் அடிபடுகிறோம். தமிழ்நாட்டில் இரண்டுக்கும் 'ட' போடுகிறார்கள், நாங்கள் ஒன்றுக்கு 'ர' போட்டுத் தப்பிக்கிறோம். தென் அமெரிக்கக் கற்பிட்டியில் பிறந்த எலிச்சாதிக்கு அந்தக் குழப்பம் இல்லை.

அதற்காக அது எங்கள் பேச்சை விளங்கிக்கொள்கிறது என்று யாரும் எடுக்கவேண்டாம். காது நுணுக்கமானது என்பதுதான் சேதி. இரவில் குளிர்சாதனப் பெட்டி உறுமி நிற்பதும், மேல்மாடியில் ஒருவர் செருப்பை இழுப்பதும் அதற்குப் பெரிய விஷயம்.

மருமகள் அனுப்பிய 'கெக்கெக்' பற்றி அதிகம் சொல்லவேண்டும், ஏனென்றால் வளர்ப்பவர்களைப் பயமுறுத்துவது அதுதான். சின்சில்லா குரைப்பது என்று அதைச் சொல்லுகிறார்கள். அடிப்படையில் அது அபாயக் குரல். அபாயக் குரல் எப்படி வேலை செய்கிறது என்று அறிய எங்கள் முற்றத்துக் கோழியைப் பார்த்தால் போதும். பருந்து மேலே வட்டமிட்டால் கோழி போடுவது மெல்லிய, நீண்ட, கீச்சுக் குரல். போட்டபடி பதுங்கும். கீரியோ நாயோ நிலத்தால் வந்தால் போடுவது வேறு. உரத்து, வெட்டி வெட்டி, கழுத்தை நிமிர்த்திக் கொக்கரிக்கும். ஆய்வாளர்கள் இந்த இரண்டு குரலையும் ஒலிப்பதிவு செய்து, பருந்தும் இல்லாமல் நரியும் இல்லாமல் வேறு கோழிகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். முதலாவதைக் கேட்டவை பதுங்கின, இரண்டாவதைக் கேட்டவை நிமிர்ந்து சுற்றிப் பார்த்தன.

இரண்டு குரலின் உருவத்திலும் காரணம் இருக்கிறது. மெல்லத் தொடங்கி மெல்ல அடங்கும் கீச்சுக் குரல் எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பது கஷ்டம். பருந்துக்கு இடம் காட்டாமல் பிள்ளைகளுக்குச் சொல்ல அது தோது. வெட்டி வெட்டிப் போடும் உரத்த குரலோ இடத்தைப் பச்சையாய்க் காட்டிக்கொடுக்கும். காட்டினால் பரவாயில்லை. பதுங்கி வருகிற மிருகத்துக்கு, உன்னைக் கண்டாயிற்று, இனி உன் வேலை பலிக்காது என்று அறிவித்ததாகவும் ஆகிறது. சின்சில்லாவின் குரைப்பு இந்த இரண்டாவது சாதி உருவம். திரும்பத் திரும்ப, உரத்து, இடைவெளி விட்டு. அது ஒளிக்க நினைக்கிற குரல் இல்லை என்பது என் வாசிப்பு.

கூட்டுக்குள் இருக்கும் சின்சில்லா எதைக் கண்டு குரைக்கும்? பூனை, புதிய மனிதர், கதவு அடித்துச் சாத்திய சத்தம், ஜன்னலில் திடீரென்று விழுந்த வெளிச்சம். ஒன்றுமே இல்லாமலும் குரைப்பதுண்டு. நித்திரையில் கனவு கண்டு குரைக்கிறது என்று வளர்ப்பவர்கள் சொல்லுவார்கள். நாய் நித்திரையில் அனுங்குவதைக் கண்டவர்களுக்கு அது நம்பக்கூடியதுதான். இன்னொன்று, கூட்டில் இரண்டு இருந்தால், ஒன்று மற்றதின் மேல் ஏறி மிதித்தாலும் கிட்டத்தட்ட இதே குரலைச் சுருக்கமாய்ப் போடும். அங்கே நரியும் இல்லை, ஆந்தையும் இல்லை, வெறும் எரிச்சல். சத்தம் ஒன்று, சங்கதி இரண்டு. அட்டவணை இடறி விழுவது இங்கேதான். அபாயத்துக்குக் குரைக்கும்போது உடம்பு ஒரு திசைக்குத் திரும்பி விறைத்து நிற்கும், காது நிமிரும், குரல் நிமிடக்கணக்கில் நீளும். எரிச்சலுக்குக் குரைக்கும்போது முகம் பக்கத்தில் இருப்பதன் பக்கம் திரும்பும், இரண்டு மூன்றோடு முடிந்துவிடும்.

மெல்லிய சத்தங்களைப் பதிவில் பிடிப்பதே பாடு. போனில் அனுப்பும் குரல் பதிவு மனிதப் பேச்சுக்கென்று சுருக்கப்படுவது. அதில் உரத்த குரைப்பு தப்பும், மற்றவை கரைந்துபோகும். நேரில் கேட்டவர்கள் சொல்லுவது, மூக்கால் 'ம்ங், ம்ங்' என்று அனுங்குவதுபோல் ஒன்று, நடமாடிக்கொண்டே போடுவது. இரண்டு சின்சில்லாக்கள் பழகும்போதும், தாய் குட்டிகளோடு இருக்கும்போதும் கேட்கும். சிலது கூட்டுக் கதவைத் திறக்கும் ஆளைப் பார்த்தும் போடுமாம். மருமகள் அதைப் பாசம் என்கிறாள். இருக்கலாம். நான் அதை, இங்கே நிற்கிறேன் என்ற சொல்லாகவே எடுப்பேன். பாசத்துக்கும் அதற்கும் தூரம் குறைவு என்று அவள் வாதாடினால் தோற்றுப்போகவும் தயார்.

இங்கே அடைக்கோழி ஞாபகம் வருகிறது. முட்டை வெடிக்க ஒரு நாள் இருக்கும்போதே உள்ளிருக்கும் குஞ்சு கீச்சிடும், கோழி அடித்தொண்டையால் பதில் கொடுக்கும். முகம் காணமுன்னமே குரல் பழகிவிடுகிறது. சின்சில்லாக் குட்டி அப்படி முட்டைக்குள் இருப்பதில்லை. நூற்றுப்பதினொரு நாள் தாயின் வயிற்றில் கிடந்து, மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். பிறந்த கையோடு ஓடித்திரியும். ஓடித்திரியும் குட்டிக்குக் குரல்தான் கயிறு. கீச்சுக் கீச்சென்று தாயைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். குட்டிகள் சண்டை பிடிக்கும்போதும் அதே கீச்சுத்தான், வேகம் மட்டும் கூடும்.

பெண் சின்சில்லாவுக்குப் பிடிக்காத ஆண் கிட்ட வந்தால் துப்புவதுபோல் சீறும். அதற்கும் அடங்காவிட்டால் பின்னங்காலில் எழும்பி நின்று மூத்திரத்தைப் பீய்ச்சி அடிக்கும், குறியும் தப்பாது. மனிதருக்கும் இது கிடைப்பதுண்டு. ஆண், இணை சேர்ந்த பிறகு விக்கல் போல ஒரு தொடர் சத்தம் போடும். இவை இரண்டுக்கும் பெரிய விளக்கம் தேவையில்லை. உடம்பைப் பிடித்து நெரித்தாற்போல் வரும் கிரீச்சிடலுக்கும் தேவையில்லை. அது நோவு அல்லது கடும் பயம், உடனே கையை எடுக்க வேண்டியதுதான்.

நான் மருமகளை உண்மையில் எச்சரித்தது குரைப்பைப் பற்றி இல்லை, பல்லைப் பற்றி. சின்சில்லாவின் முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் சாகும்வரை வளரும். வைக்கோல் போன்ற காய்ந்த புல்லை நாள் முழுக்க அரைத்து அரைத்துத் தேய்க்க வேண்டும். அது சும்மா இருக்கும்போதும் பல்லை மெல்ல நறநறக்கும். மாடு படுத்து அசைபோடுவதுபோல் நிம்மதியான சத்தம் அது. இன்னொரு சின்சில்லாவுக்கு முன்னால் நின்று பல்லைக் கடகடவென்று அடித்தால் எச்சரிக்கை. இந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று உண்டு. மூலையில் கூனிக் குந்தியிருந்துகொண்டு நறநறப்பது. தாடை ஈரமாய் இருக்கும், தீனியைக் கடித்துவிட்டுக் கீழே போடும், கண்ணில் நீர் வடியும். பல்லின் வேர் உள்ளே வளர்ந்து தாடையைக் குத்துகிறது என்பதற்கு இவை அறிகுறி. மாட்டிலும் இதைக் கண்டிருக்கிறேன். வயிற்று நோவில் நிற்கும் மாடு பல்லைக் கடிக்கும். புதிதாய் மாடு வாங்கியவர் அதை அசைபோடுகிறது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். சின்சில்லாவும் நறநறத்துக்கொண்டு தின்னாமல் அரை நாளுக்கு மேல் இருந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோவதில் சுணக்கம் கூடாது. குடல் நின்றுபோகும் பிராணி அது. மூச்சோடு சேர்ந்து இரைப்போ கிளிக் சத்தமோ வந்தாலும் அப்படித்தான்.

வழக்கமாய்ச் சத்தம் போடுகிறது அடங்கிப்போனால் அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். இரையாகும் பிராணிகள் நோவைக் காட்டிக்கொள்ளாது. ஆட்டிலும் அப்படித்தான். கத்துகிற ஆட்டைப் பார்க்க ஆட்கள் ஓடுவார்கள். பட்டியின் பின்பக்கத்தில் சத்தமில்லாமல் தலை தொங்கி நிற்பதற்குத்தான் முதலில் ஊசி போடவேண்டியிருக்கும்.

"பிள்ளை, சத்தத்தை அனுப்பாதை. வீடியோ எடுத்து அனுப்பு. லைற்றைப் போடாமல், அது எந்தப் பக்கம் பார்க்குது எண்டு பார்" என்று எழுதினேன். மூன்றாம் இரவு அனுப்பினாள். பேஸ்மென்ற் அறை. கூட்டின் மேல்தட்டில் சின்சில்லா விறைத்து நிற்கிறது, இரண்டு காதும் நிமிர்ந்து, முகம் நிலத்து மட்டத்தில் இருக்கும் சின்ன ஜன்னலின் பக்கம். குரைப்பு ஒரு நிமிடத்துக்கு மேல். அவள் போனை மெல்ல ஜன்னலுக்குத் திருப்பினாள். கண்ணாடிக்கு வெளியே கறுப்பு முகமூடி கட்டினமாதிரி ஒரு முகம், விரல் விரலாய்ப் பிரிந்த இரண்டு கைகள் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தன. ரக்கூன். குப்பை வாளி தேடி வந்ததாக்கும். எங்கள் ஊரில் மரநாய் வந்து கோழிக்கூட்டைத் தடவுவதுபோல்.

அடுத்தநாள் ஜன்னலுக்கு மட்டை வெட்டி ஒட்டினாள். அதற்குப் பிறகும் இரண்டு இரவு அது அந்தப் பக்கம் பார்த்துக் குரைத்ததாம்.